கிரீஸ் நிறைய வைத்தும் பேரிங் ஏன் சூடாகிறது?

கேள்வி கேட்ட தம்பி கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் மெஷின்) ரோலர் பேரிங்குகள் அடிக்கடி போகின்றன. தினமும் கிரீஸ் அடிக்கிறார்கள், நல்ல கம்பெனி கிரீஸ்தான். அப்படியும் பேரிங்கைச் சுற்றியிருக்கும் கூடான ஹவுசிங் மேல் சூட்டில் கை வைக்க முடியவில்லை. மூத்த ஃபிட்டர் அண்ணன் "இன்னும் கொஞ்சம் அடி" என்கிறார். உராய்வு, தேய்மானம், உயவு (எண்ணெய், கிரீஸ் போட்டு உராய்வைக் குறைப்பது) மூன்றும் படிப்பில் சில பக்கங்களோடு முடிந்துவிட்டன. இதை எங்கிருந்து பிடித்துப் புரிந்துகொள்வது? உராய்வையே இல்லாமல் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன் தம்பி. உராய்வு இல்லாவிட்டால் உங்கள் ஃபாக்டரிக்குப் பச்சை இலையே வந்து சேராது. லாரி மேட்டில் ஏறாது. புல்லி சுற்றும், பெல்ட் நகராது. இறுக்கிய நட்டு கழன்று விழும். அதனால் எந்த இடத்தில் எவ்வளவு உராய்வு வேண்டும் என்று கேட்டுப் பழகுங்கள். இந்தத் துறை முழுக்க அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

இதற்கு நம் மலை ரயிலைவிட நல்ல பாடம் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓட ஆரம்பித்த பாதை. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் 12 அடிக்கு 1 அடி என்ற அளவுக்குப் போகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜினின் எடை மொத்த ரயிலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தை வெல்ல மட்டுமே சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உராய்வுக் கெழு (மேலே அழுத்தும் எடையில் எத்தனை பங்கு உராய்வாகப் பிடிக்கும் என்ற எண்) 0.25 வேண்டும். காய்ந்து சுத்தமாக இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் அது தட்டுத் தடுமாறிக் கிடைக்கும். தூறல் விழுந்து, மேலே சருகும் கிடந்தால் 0.1 கிடைப்பதே பெரிது. அதனால்தான் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஆப்ட் முறை என்று பெயர். பல் பல்லைப் பிடித்துத் தள்ளுவதால் அங்கே உராய்வை நம்ப வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு.

நான் சொல்ல வரும் விஷயம் அந்தப் பாதையின் குறுக்கே நின்று பார்த்தால் தெரியும். ஓரத்துத் தண்டவாளத்தின் மேல் எண்ணெய் படக்கூடாது, பட்டால் சக்கரம் வழுக்கும். ஒரு முழம் தள்ளி நடுவில் இருக்கும் பல்லுக்கோ மசகு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பல் பல்லைத் தின்றுவிடும். ஒரே இன்ஜின், ஒரே இரும்பு, ஒரே மழை. ஒரு இடத்தில் உராய்வு வேண்டும், இன்னொரு இடத்தில் கூடாது. உங்கள் சி.டி.சி. மெஷினிலும் இதே கதைதான். ரோலர் பல்லில் இலை கிழிய வேண்டும், அங்கே உராய்வு வேண்டும். அதே ரோலரின் முனையில் இருக்கும் பேரிங்கில் வேண்டாம்.

உராய்வில் செலவான சக்தி எங்கேயும் காணாமல் போவதில்லை. சூடாக மாறி, உராய்ந்த இடத்திலேயே நிற்கும். ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 330 மீட்டர் சொச்சத்தில். பத்து டன் எடையோடு ஒரு கேரட் லாரி இந்த 1900 மீட்டரும் இறங்கி வந்தால் வெளியேற வேண்டிய சக்தி சுமார் 52 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஐந்து லிட்டர் டீசலை எரித்தால் வரும் சூடு அது. கீழ் கியரில் வந்தால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுவதும் பிரேக் லைனிங் தலையில் விழும். அந்தச் சூட்டில் லைனிங்கில் இருக்கும் பிசின் ஆவியாகி உராய்வே விழுந்துவிடும். ஹைட்ராலிக் பிரேக்காக இருந்தால், ஈரம் ஏறிய பழைய டாட் 3 பிரேக் ஆயில் 140 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கலாம், மிதி தரையோடு போகும். மலைப்பாதையில் இறங்கும்போது இரண்டாவது கியர் என்று சொல்வதன் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சரி, உங்கள் பேரிங்குக்கு வருவோம். அங்கேயும் சூடு எங்கிருந்து பிறக்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அதற்கு முன்னால் இரண்டு உலோகம் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும். உராய்வு எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று லியோனார்டோ டாவின்சி தன் குறிப்பேடுகளிலேயே எழுதி வைத்திருந்தார். 1699-ல் பிரான்சில் அமோந்தோன் அதை மறுபடி கண்டுபிடித்தார். பரப்பு அதிகமானால் உராய்வும் அதிகமாகும் என்றுதானே தோன்றும்? ஏன் ஆவதில்லை என்பதற்கு விளக்கம் வர 20-ஆம் நூற்றாண்டு ஆனது. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் இருவரும் சொன்னது இதுதான்: பளபளவென்று தேய்த்த இரும்பும் நுண்ணளவில் மேடு பள்ளம்தான், அதனால் இரண்டு பரப்பும் மேட்டு முனைகளில் மட்டுமே தொடுகின்றன. ஒரு மலை நாட்டைத் தூக்கி இன்னொன்றின் மேல் கவிழ்த்தது போல என்றார் பௌடன். நமக்கு ஆனைமலையைப் பிடுங்கி நீலகிரி மேல் கவிழ்த்ததாக நினைத்துக்கொள்ளலாம். தொட்டபெட்டா மாதிரி சில உச்சிகள் மட்டும் முட்டி நிற்கும், நடுவில் எல்லாம் வெற்றிடம். எடை கூடினால் உச்சிகள் நசுங்கி உண்மையில் தொடும் பரப்பு கூடும், உராய்வும் அதற்கேற்பக் கூடும். அந்த முனைகளில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நகர்ந்தால் பிய்த்துக்கொண்டு வருகிறது. பிய்ந்து வருவதுதான் தேய்மானம்.

இப்போது உயவு. எண்ணெய் வழுவழுப்பானது, அதனால் வழுக்க வைக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஓரளவு உண்மைதான், ஆனால் பேரிங்கைக் காப்பாற்றுவது அது இல்லை. 1883-ல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார். ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்ததும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையை வைத்து அடைத்தார். கட்டையையும் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தமானியை மாட்டினால் முள் அளவுகோலின் முடிவுக்கே போய்விட்டது. யாரும் பம்ப் வைக்கவில்லை. சுற்றும் ஷாஃப்டே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய் ஆப்பு வடிவ இடைவெளியில் திணித்து, அந்த அழுத்தத்தில் தன்னையும் சுமையையும் தூக்கிக்கொண்டு மிதந்திருக்கிறது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பு அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, எண்ணெயின் வேலை நடுவில் நிற்பது. உலோகம் உலோகத்தைத் தொடவிடாமல் ஒரு படலமாக நிற்பது. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் இதை வைத்துக்கொண்டு பதில் தேடலாம்: படலம் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் ஏன்?

படலத்தின் தடிமன் மூன்று விஷயங்களைப் பொறுத்தது. எண்ணெயின் பாகுநிலை (அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது), சுற்றும் வேகம், மேலே இருக்கும் சுமை. 1902-ல் ஜெர்மனியில் ஸ்ட்ரிபெக் இதை ஒரு வளைவாக வரைந்து காட்டினார். பாகுநிலையும் வேகமும் கூடினால் படலம் தடிக்கும். அதற்கு மேலும் கூட்டினால் எண்ணெயைக் கலக்குவதற்கே சக்தி செலவாகி உராய்வு மறுபடி ஏறும். இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது. மெலிந்தாலும் சூடு, மிதமிஞ்சினாலும் சூடு.

உங்கள் ஹவுசிங் சூட்டுக்கு இரண்டாவதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். கிரீஸ் என்பது ஒரு சோப்பின் வலைக்குள் பிடித்து வைத்த எண்ணெய். நீங்கள் வாங்குவது லித்தியம் சோப்பாகத்தான் இருக்கும், அதில் பெரும்பங்கு எண்ணெய்தான். பேரிங் ஓடும்போது தேவையில்லாத கிரீஸ் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கிய கிரீஸ் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும், அந்தக் கசிவுதான் படலத்துக்குப் போகிறது. ஒதுங்க இடமே இல்லாமல் ஹவுசிங் முழுக்க அடைத்துவிட்டால் ரோலர்கள் அந்தக் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும். அதனால் சூடு ஏறும். சூடு ஏறினால் எண்ணெய் மெலியும், படலம் மெலியும், இன்னும் சூடு. சோப்பு வலை உடைந்து எண்ணெய் தனியாக ஓடிவிடும், மிஞ்சுவது கருத்த பசை. இதற்கு நடுவே கிரீஸ் கன்னின் அழுத்தத்தில் ஆயில் சீல் (கிரீஸ் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுக்கும் வளையம்) உதடு வெளியே பிதுங்கியிருக்கும். அந்த வழியாகத் தண்ணீரும் இலைச் சாறும் உள்ளே வரும். இந்த நிலையில் "இன்னும் கொஞ்சம் அடி" என்றால் தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

எவ்வளவு வைக்க வேண்டும்? புதிதாக மாட்டும்போது பேரிங்கின் உள்ளே முழுக்க நிரப்பலாம். ஹவுசிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். ஓட்டத்தில் சேர்ப்பதற்குப் பேரிங் கம்பெனிகளின் கையேட்டில் எளிய கணக்கு இருக்கிறது. வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, 0.005-ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு வரும். 140 மி.மீ. விட்டம், 33 மி.மீ. அகலம் உள்ள ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங்குக்கு 23 கிராம். உங்கள் கிரீஸ் கன்னை ஒரு காகிதத்தின் மேல் பத்து முறை அடித்து, இலை நிறுக்கும் தராசு இல்லாமல் கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு அடிக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணைக் கன்னின் மேலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதைக் கையேடுகள் ஓட்ட மணி நேரத்தில் சொல்கின்றன. பொதுவாக நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான மணி நேரம். பேரிங் 70 டிகிரிக்கு மேல் ஓடினால் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் அந்த இடைவெளியைப் பாதியாக்கச் சொல்வார்கள்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபிட்டர் அண்ணன் சொல்வதற்கும் அடிப்படை இருக்கிறது. சி.டி.சி. பக்கம் எப்போதும் ஈரம். ஈரமான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கிரீஸ் கொடுத்து, சீல் வழியாகப் பழையதையும் அழுக்கையும் வெளியே தள்ளுவது நல்ல வழக்கம்தான். ஆனால் தள்ளிய கிரீஸ் வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும். ஹவுசிங்கின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கல் மாதிரி இறுகிய கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தால் உங்கள் வில்லன் அங்கே இருக்கிறான். அதைச் சுத்தம் செய்து, பிளக்கைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். மிச்சம் தானே வெளியே வரும்.

அப்புறம், கை பொறுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். 60 டிகிரி இரும்பைச் சில நொடிகளுக்கு மேல் தொட முடியாது, ஆனால் பேரிங்குக்கு 60, 70 டிகிரி எல்லாம் சாதாரணம். புதிதாகக் கிரீஸ் அடித்தால் சில மணி நேரம் சூடு ஏறி, ஒதுங்க வேண்டிய கிரீஸ் ஒதுங்கியதும் தானாக இறங்கும். இறங்காமல் அப்படியே நின்றாலோ, நேற்றைவிட இன்றைக்குக் கூடிக்கொண்டே போனாலோதான் கவலை. துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள், விலை அதிகமில்லை.

அடுத்ததை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. சி.டி.சி.யில் இரண்டு ரோலரும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஒன்று நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் மற்றது 70 என்ற கணக்கு. அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை நசுங்கி, கிழிந்து, சுருள்கிறது. வேகம் பத்தில் ஒரு பங்கு என்றால் படலமும் அதற்கேற்ப மெலியும். நான் சொன்ன அதே பேரிங்குக்குக் கணக்குப் போட்டால், 700 சுற்றில் ஓடும்போது ஓட்டச் சூட்டில் எண்ணெயின் பாகுநிலை 20 சென்டிஸ்டோக் (பாகுநிலையை அளக்கும் அலகு) இருந்தால் போதும். 70 சுற்றில் 125 வேண்டும். ஆறு மடங்கு! இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து கிரீஸ் போகிறது. மெதுவான ரோலரின் பேரிங் சூடே ஆகாது, அதனால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. அது சத்தமில்லாமல் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். அதற்கு அடிப்படை எண்ணெய் தடிமனாக இருக்கும் கிரீஸும், உலோகம் தொடும்போது காக்கும் இ.பி. சேர்மானமும் தேவை. டப்பாவின் மேல் இருக்கும் 2, 3 என்ற எண் கிரீஸின் இறுக்கத்தைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கம்பெனியின் தரவுத்தாளைக் கேட்டு வாங்கி, 40 டிகிரியில் அடிப்படை எண்ணெயின் பாகுநிலை என்ன என்று பாருங்கள். ஒன்றே ஒன்று: இரண்டு வகைக் கிரீஸை ஒரே பேரிங்கில் கலக்காதீர்கள். லித்தியமும் களிமண் அடிப்படைக் கிரீஸும் சேர்ந்தால் இரண்டும் நீர்த்து ஓடிவிடலாம். வகைக்கு ஒரு கன், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறப் பட்டை.

கியர் பாக்ஸுக்கும் நம் ஊர்க் குளிருக்கும் உள்ள தொடர்பை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். ஆயிலின் பாகுநிலைக் குறியீடு வி.ஜி. 220 என்றால் 40 டிகிரியில் 220 சென்டிஸ்டோக். அதே சாதாரண மினரல் ஆயில் மார்கழிக் காலையில் 10 டிகிரியில் 2000-க்குப் பக்கத்தில் இருக்கும். மதியம் 70 டிகிரியில் ஓடும்போது 50 சொச்சத்துக்கு இறங்கிவிடும். காலையில் தேன், மதியம் தண்ணீர். சமவெளி ஃபாக்டரிக்கு எழுதிய பட்டியலை அப்படியே எடுத்தால் இந்தக் காலைத் தொடக்கம் கணக்கில் வராது. குளிர்ந்த மெஷினை முதலில் இலை இல்லாமல் சிறிது நேரம் ஓட விடுங்கள். சூட்டுக்கும் குளிருக்கும் குறைவாக மாறும் சிந்தெடிக் ஆயில் விலை அதிகம்தான், ஆனால் மலை மேல் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

இனி தண்ணீர். நீலகிரியில் பேரிங்குகளின் முதல் எதிரி என்று நான் இதைத்தான் சொல்வேன். தென்மேற்குப் பருவம் முடிவதற்குள் வடகிழக்கு வந்துவிடும், நடுவில் பனிமூட்டம். ரோலர் பேரிங்கில் ரோலருக்கும் வளையத்துக்கும் நடுவே நிற்கும் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடி 70 மைக்ரான் இருக்கும். அந்த இடத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கைத் தொடும், எண்ணெய் ஒரு கணம் ஏறக்குறையத் திடப்பொருளாக மாறித்தான் சுமையைத் தாங்குகிறது. தண்ணீருக்கு அந்தத் திறமை கிடையாது. எண்ணெயில் ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தாலே பேரிங்கின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். எப்படி உள்ளே வருகிறது என்று பாருங்கள். ஷிப்ட் முடிந்ததும் சூடான மெஷின் மேல் ஓஸ் பைப்பைப் பிடிக்கிறார்கள். ஹவுசிங் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, சீல் ஓரத்தில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கழுவாமல் இருக்க முடியாது, உணவுப் பொருள் செய்யும் இடம். ஆனால் சீல் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம். கழுவிய பிறகு கொஞ்சம் சுற்ற விட்டு, ஒன்றிரண்டு அடி கிரீஸ் கொடுத்து நிறுத்தலாம். ஆயில் பேரலை வெளியே நிமிர்த்தி வைத்திருந்தால் அதுவும் இதே மாதிரிதான் மூச்சு விடும். மூடி மேல் தேங்கிய மழைத்தண்ணீர் இரவுக் குளிரில் மூடிக்குள் இறங்கும். உள்ளே வையுங்கள். முடியாவிட்டால் படுக்க வைத்து, இரண்டு மூடியும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே, கடிகாரத்தின் மூன்று, ஒன்பது மணி இடத்தில் வரும்படி வையுங்கள்.

உணவுப் பொருள் என்றதும் ஞாபகம் வருகிறது. ரோலருக்கு நேர் மேலே சொட்ட வாய்ப்புள்ள எந்த இடத்திலும் எச்1 என்று குறித்த உணவுத்தர மசகுதான் போட வேண்டும்.

சுமையைப் பற்றி ஒரு வார்த்தை. பேரிங்கின் ஆயுள் சுமைக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ரோலர் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் பத்தில் ஒன்றாகும். பால் பேரிங்கில் எட்டில் ஒன்று. பெல்ட் வழுக்குகிறது என்று ஸ்பேனரில் முழு பலத்தையும் காட்டி இறுக்குவார்கள். அந்த இறுக்கம் முழுக்க மோட்டார் பேரிங் மேலும் புல்லிப் பக்கத்துப் பேரிங் மேலும் ஏறும். பெல்ட் வழுக்கினால் முதலில் புல்லிக் காடி தேய்ந்திருக்கிறதா, இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள்.

தேய்மானத்துக்கு 1953-ல் ஆர்ச்சர்ட் கொடுத்த விதி எளிமையானது. தேய்ந்து போகும் பொருளின் அளவு சுமைக்கும் உராய்ந்த தூரத்துக்கும் நேர் விகிதம், கடினத்தன்மைக்கு எதிர் விகிதம். சி.டி.சி. பல்லுக்கு இதை வைத்துப் பாருங்கள். பசுந்தேயிலை மென்மையானதுதான், அது எப்படி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேய்க்கும் என்று கேட்பார்கள். தேய்ப்பது பெரும்பாலும் இலையோடு வரும் மண். மணல் இரும்பைவிடக் கடினம். மழைக்காலத்தில் இலைப் பையின் அடியில் படியும் மண்ணைப் பார்த்தாலே புரியும். ரோலருக்கு முன்னால் சல்லடையும் காந்தமும் ஒழுங்காக இருந்தால் பல் தீட்டும் இடைவெளி நீளும். இரண்டு ரோலரையும் அளவுக்கு மீறி நெருக்கி வைத்துப் பல்லும் பல்லும் முட்டினால் இரும்புத்தூள் நேராகத் தேயிலைத்தூளுக்குள் போகும். தேயிலையில் இரும்புத் துகளுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கி மட்டும் வரும். தரம் விழுந்தால் ஏலத்தில் விலை விழும். நம் மலையில் சின்னக் காசு கணக்குப் பார்த்துப் பிழைக்கும் விவசாயிக்கு இலை விலை குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகிவிடக்கூடாது.

உலக அளவில் பார்த்தாலும் விஷயம் சின்னதில்லை. உலகில் செலவாகும் மொத்த ஆற்றலில் சுமார் 23 சதவீதம் உராய்வை வெல்லவும் தேய்ந்ததை மாற்றவும் போகிறது என்று ஹோல்ம்பெர்க், எர்டெமிர் இருவரும் 2017-ல் கணக்கிட்டார்கள். பிரிட்டனில் 1966-ல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் வந்த அறிக்கைக்குப் பிறகுதான் டிரைபாலஜி என்று இதை ஒரே துறையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் டிரைபாலஜி பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முதலில் ஒரு பேரிங் கம்பெனியின் கையேட்டில் உயவு பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள். சில பக்கங்களோடு முடிந்த படிப்பை அது நிரப்பும்.

மிச்சப் பாடம் உங்கள் குப்பைத் தொட்டியில் இருக்கிறது. கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். வெளி வளையத்தை அறுத்து, ரோலர்கள் உருளும் ஓடுபாதையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுமை தாங்கிய பக்கம் மட்டும் மங்கிப்போய்ப் பட்டுத் துணி மாதிரி இருந்தால் படலம் மெலிந்து ஓடியிருக்கிறது, கூடவே பொடி அழுக்கும் இருந்திருக்கிறது. மேல்தோல் உரிந்து செதில் செதிலாகப் பள்ளம் விழுந்திருந்தால் உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி உலோகம் ஓய்ந்துபோனது. ரோலர்களின் இடைவெளியிலேயே வரிசையாகக் குழி இருந்தால் மாட்டும்போது சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். அதே இடைவெளியில் பழுப்புத் துருக் கோடுகள் இருந்தால் மெஷின் நின்ற நேரத்தில் உள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது. வளையத்தின் வெளிப்புறத்தில் செம்பழுப்புப் பொடி அப்பியிருந்தால் ஹவுசிங்கில் இறுக்கம் போதவில்லை. ஓடுபாதை நீலம் பாய்ந்திருந்தால் சூடு எல்லை மீறிவிட்டது. சாம்பல் நிறத்தில் படிக்கட்டு மாதிரி வரிகள் இருந்தால் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. மெஷின் மேல் வெல்டிங் வைத்தபோது எர்த் கிளாம்பை எங்கோ தூரத்தில் மாட்டினார்களா என்று விசாரியுங்கள். பழைய கிரீஸைக் கொஞ்சம் எடுத்து விரல் நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மண், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர், கருகிய வாடை அடித்தால் சூடு.

ஃபிட்டர் அண்ணனோடு வாதம் பண்ண வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரை ஹவுசிங்கில் வைத்துக் காதால் கேட்டே பேரிங்கின் நிலையைச் சொல்லக்கூடியவராக அவர் இருக்கலாம், அந்த அனுபவம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. அவர் சம்மதத்தோடு ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். டிரெயினைத் திறந்து, கிராம் கணக்கில் கிரீஸ் கொடுத்து, இரண்டு ரோலரின் நான்கு ஹவுசிங்கிலும் தொடங்கி அரை மணி கழித்து ஒரு முறை, மதியம் ஒரு முறை சூட்டைக் குறித்து வாருங்கள். பக்கத்து மெஷின் பழைய வழக்கப்படியே ஓடட்டும். ஒரு மாதத்தில் இரண்டு நோட்டையும் அவர் முன்னால் வைத்துப் பேசலாம். அதற்குள் எந்தப் பேரிங்காவது போனால், மண்ணெண்ணெயில் கழுவுவதற்கு முன்னால் கிரீஸோடு அப்படியே போட்டோ எடுத்து, எந்த ரோலர், எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டி வையுங்கள்.